அபாயக்குரலும் கேட்குஞ் செவியும்

கடலிற் செல்லுங் கலங்கள் பலவும் ஒரே அலைவழியிற் பேச முற்படும்போது எச்செய்திக்கு முதலிடம் அளிப்பது? கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றில் இவ்வினா மனித உயிர்களை விலையாகக் கொண்டே விடை பெற்றது.

1906ஆம் ஆண்டின் பேர்லின் ஒப்பந்தம், கப்பல்களின் அபாயச் செய்தியை ஏனைய யாவற்றுக்கும் முன்னதாக ஏற்றல் வேண்டுமென விதித்தது. எனினும் 1912 ஏப்பிரல் 14ஆம் நாளிரவு நிகழ்ந்தது யாது? ரைற்றானிக் கப்பலின் தந்தியாளர் பிலிப்ஸ், பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அண்மையில் நின்ற கலிபோர்ணியன், தான் பனிக்கட்டிகளாற் சூழப்பட்டுள்ளதாக அறிவிக்க முயன்றது. இடையூறெனக் கருதிய பிலிப்ஸ் அதனைத் தடுத்துவிட்டார். கலிபோர்ணியனின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். சிறிது நேரத்தில் ரைற்றானிக் பனிமலையில் மோதிற்று. அதன் அபாயக்குரலைத் தொலைவிலிருந்த கார்ப்பேதியா கேட்டு விரைந்தது. அண்மையிலிருந்த கப்பலோ கேட்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

முதலிடம் அளிக்கும் விதி அன்றும் இருந்தது. ஆயின் அது அபாயம் நேர்ந்தபின் எழுங் குரலையே காத்தது; முன்னெச்சரிக்கையைக் காக்கவில்லை. கேட்குஞ் செவிக்கும் உறுதி அளிக்கவில்லை.

பின்னெழுந்த ஒப்பந்தங்கள் இக்குறைகளை நீக்க முயன்றன. அபாயம், அவசரம், பாதுகாப்பு எனச் செய்திகள் தரம்பிரிக்கப்பட்டன. 500 கிலோஹேர்ட்சு அலைவழியில் மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடம் ஏனைய பேச்சுக்கள் நிறுத்தப்பட்டன. 1999இல் தன்னியக்கக் கருவிகளும் செய்மதிகளும் அப்பணியை ஏற்றன. கருவிகள் மாறினும் கொள்கை மாறவில்லை: ஒருவன் குரல் கேட்கப்படுவதற்குப் பலர் மௌனம் காத்தல் வேண்டும்.