பலவீனத்திற்கு இடமளிக்கும் ஐக்கியம்: ஃபின்கன்வால்டே சமூகத்தின் சாட்சி

திருச்சபையின் உறுப்பினராக இருப்பதும், அங்கே தமக்கென ஓர் இடம் உண்டு என்று உணர்வதும் ஒன்றல்ல. ஆராதனையில் அருகருகே அமர்ந்து ஒரே அப்பத்தில் பங்குபெறும் விசுவாசிகளும் தங்கள் வீழ்ச்சிகளையும் ஐயங்களையும் ஒருவருக்கொருவர் மறைத்தபடியே ஆயுளைக் கழித்துவிடக்கூடும். இந்தத் தனிமையை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் (1906–1945) குறிப்பிடத்தக்கவர்.

நாத்சி ஆட்சி திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றபோது, அதற்கு இணங்க மறுத்தோர் 'அறிக்கையிடும் திருச்சபை' என்னும் பெயரில் ஒன்றுதிரண்டனர். அச்சபைக்குப் போதகர்களை உருவாக்கும் பொறுப்பை 1935-இல் ஏற்ற போன்ஹோஃபர், பால்டிக் கடலோரச் சிங்ஸ்டில் தொடங்கிய பயிற்சியை, ஸ்டெட்டின் நகரை அடுத்த ஃபின்கன்வால்டேக்கு மாற்றி, ஜெபமும் படிப்பும் உணவும் பொதுவான ஒரு கூட்டுவாழ்வாக அதை அமைத்தார். அங்கு நிலவிய விதிகளுள் ஒன்று, உடனில்லாத சகோதரரைப் பற்றி எவரும் பேசலாகாது, பேசிவிட்டால் அதை அவரிடமே தெரிவித்துவிட வேண்டும் என்பதாகும். எளியதாகத் தோன்றும் இவ்விதி, தன் குறை தன் முதுகுக்குப் பின்னால் பேசுபொருளாகாது என்னும் உறுதியை ஒவ்வொருவருக்கும் அளித்தது.

இந்த உறுதியின்மேல்தான் பாவ அறிக்கை என்னும் பழக்கம் எழும்பியது. ஒருவர் தம் பாவத்தை மற்றொரு விசுவாசியின் முன் சொல்லி, கடவுளின் மன்னிப்பை அவர் வாயிலாகக் கேட்டறிவதே பாவ அறிக்கை. லுத்தர் இதை ஒழிக்கவில்லையெனினும், புராட்டஸ்டண்ட் சபைகளில் இப்பழக்கம் பெரும்பாலும் அருகிப்போயிருந்தது. எனவே, திருவிருந்துக்கு முன் ஒருவரோடொருவர் ஒப்புரவாகும்படியும், விரும்புவோர் பாவ அறிக்கை செய்யும்படியும் போன்ஹோஃபர் அழைத்தபோது மாணவர்கள் தயங்கினர். அவரோ யாரையும் கட்டாயப்படுத்தாமல், இதில் அனுபவமற்ற இளைய சகோதரர் ஒருவரிடம் தாமே சென்று தம் அறிக்கையைக் கேட்குமாறு வேண்டினார். ஆசிரியரே தம்மைத் தாழ்த்தியபின், தம் குறையைச் சொல்வது மாணவருக்கு அவமானமாக இருக்கவில்லை.

1937-இல் கெஸ்டாப்போ என்னும் இரகசியக் காவல்துறை இப்பயிற்சியகத்தை மூடியது. அவ்வாண்டின் இறுதிக்குள் அதன் முன்னாள் மாணவர்களுள் 27 பேர் சிறைப்பட்டனர். கூரையை இழந்த பின்னும், சுற்றுமடல்களாலும் பரிந்துரை ஜெபத்தாலும் அந்த உறவு நீடித்தது. அந்த அனுபவத்தின் சாரமாக 1939-இல் வெளிவந்த 'கூட்டுவாழ்வு' என்னும் நூல், பக்திமான்களாக மட்டுமே ஒன்றுகூடுவோர் பாவிகளாகத் தனித்துவிடப்படுகின்றனர் எனக் காட்டுகிறது. அதே நூல் ஓர் ஆபத்தையும் உணர்த்துகிறது: தம் பாவத்தை அறிக்கையிடாதவர் பிறர் அறிக்கையைக் கேட்கலாகாது, ஒருவரே அனைவருக்கும் அறிக்கை கேட்பவராக இருப்பதும் தகாது, ஏனெனில், பிறர் இரகசியங்களை அறிந்திருப்பது எளிதில் அவர்கள்மேல் ஆதிக்கமாக மாறிவிடும்.

இன்றைய சபைகள் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. காக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் மனந்திறக்குமாறு விசுவாசிகளை வற்புறுத்துவது, ஏற்கெனவே நொந்தவரை மீண்டும் காயப்படுத்துவதாகும். புறங்கூறுதலைத் தடுக்கும் கட்டுப்பாடும், விருப்பத்திற்கு விடும் சுதந்திரமும், முதலில் தம்மைத் தாழ்த்தும் தலைமையும் ஒருங்கே அமைந்த சபையில்தான், பலவீனர் தம் பலவீனத்தோடேயே உறுப்பினராக நிலைத்திருக்க முடியும்.