உறுதியற்ற அவத்தைகளின் சக்தி (கலப்புலோகவியல்)

இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் சிர்க்கோனும் மிகுதி. அவற்றில் அடங்கிய இரு உலோகங்கள் ஒரு சிக்கலான கேள்வியை எழுப்புகின்றன. தைத்தேனியம் 882 பாகை செல்சியசிலும் சிர்க்கோனியம் 863 பாகையிலும் அறுகோண அடுக்கிலிருந்து உடல்மையக் கனவடிவத்துக்கு மாறுகின்றன. அதே கனவடிவத்தைத் தனிப்பூச்சிய வெப்பநிலையில் கணினியில் அமைத்து அணுக்களைச் சற்றே நகர்த்தினால், சக்தி கூடாமல் குறைகிறது. குழியில் கிடக்கும் குண்டு அசைத்தாலும் திரும்பி வரும். மேட்டுச்சியில் வைத்தது உருண்டுவிடும். இந்த இரண்டாம் வகையே பொறிமுறையில் உறுதியற்ற அவத்தை. அதன் அதிர்வெண்களில் சில கற்பனை எண்களாகிவிடுவதால் வழக்கமான எந்திரப்பிக் கணிப்பு அங்கே செல்லாது.

தானாக நிற்காத ஒன்றின் சக்தி எதற்கு என்று கேட்கலாம். தூய நிலையில் நிற்காதது கலவையில் நிற்கிறது என்பதே விடை. விமான இயந்திர நிக்கல் கலப்புலோகங்களில் டங்ஸ்டன் அணுக்கள் முகமையக் கனவடிவத்தில் கரைந்துள்ளன; தூய டங்ஸ்டனோ அவ்வடிவில் நிலைக்காது. ஆயினும் அவத்தை வரைபடம் கணிக்க, கலவையின் ஓரமான அத்தூய வடிவின் சக்தி தேவை. லரி கோஃப்மன் முதலானோர் வளர்த்த முறையில், கலவைத் தரவுகளை நீட்டிப் பெற்ற, அவ்வடிவுக்கும் டங்ஸ்டனின் இயல்பான உடல்மைய வடிவுக்கும் இடையிலான சக்தி வேறுபாடு மூலுக்கு ஏறத்தாழ 20 கிலோயூல். குவாண்டம் கணிப்போ 45ஐ ஒட்டி வந்தது. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கணிப்புப் பிழை என்று ஒதுக்க முடியாது. கணிப்பு மேட்டுச்சியின் உயரத்தை அளந்தது. கலவைக்கு வேண்டியிருந்தது வேறொரு உயரம்.

முகமையக் கனசதுரத்தை ஓர் அச்சில் அமுக்கிக்கொண்டே போனால், அதனுள் அடங்கிய உடல்மைய நாற்கோண அலகின் உயர அகல விகிதம் 1.414இலிருந்து 1க்கு இறங்கும்போது உடல்மைய வடிவம் கிடைக்கும். டங்ஸ்டனுக்கு இவ்வழியின் சக்தி வளையி உச்சியில் தொடங்கிக் குழியில் முடிகிறது. நடுவே வளைவு குறிமாறும் விபத்திப் புள்ளி ஒன்று உண்டு. அக்சல் வான் டி வால்லேயும் குழுவினரும் 2015இல் முன்வைத்த தீர்வு, அப்புள்ளியின் சக்தியையே அவத்தையின் சக்தியாகக் கொள்வது. அது உச்சியை விடத் தாழ்ந்தது. அவத்தை உறுதியாக இருக்கும் கலவைகளின் சக்தியோடு முறிவின்றி இணைவது. அப்புள்ளியில் எல்லைக்கோடு மனம்போல் கிழிக்கப்பட்டது என்ற மறுப்பு எனக்கு வலுவாகத் தெரியவில்லை: அணுக்கள் எந்த வடிவத்துக்கு உரியவை என்பதைப் பிரிக்க, வளையியே தன்னில் காட்டும் அடையாளம் வேறில்லை.

வெப்பநிலை பற்றிய மறுப்பு கனமானது. சூடான தைத்தேனியத்தில் அணுக்கள் பக்கத்துச் சிறு குழிகளுக்குள் தாவித்திரிகின்றன. கனவடிவம் அவற்றின் சராசரி மட்டுமே. அங்கே ஒற்றைப் புள்ளியின் சக்தி போதாது. எல்லாக் குழிகளையும் தாவல்களையும் சேர்த்தே கட்டிலாச் சக்தியைக் கணிக்க வேண்டும்.