ஆடவல்லானும் திருவிளக்கு நெய்யும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதல் இராசராச சோழன் (985–1014) பொறிப்பித்த கல்வெட்டுக்கள் அளவைமுறையைத் தெளிவுறக் காட்டுவன. பொன்னை ஆடவல்லான் என்னுங் கல்லால் நிறுத்தனர். நெய்யை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தனர். நிறைகல்லுக்கும் மரக்காலுக்கும் கூத்தப்பிரான் திருநாமமே! திருவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடேனும், 48 பசுவேனும், 16 எருமையேனும் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். நாழியில் நான்கிலொன்று உழக்கு. நெய்க்கு நிறை கூறப்பட்டிலது.

இக்காலத்தே நெய் கிலோவாகவும் வருகின்றது, லிட்டராகவும் வருகின்றது. இரண்டும் ஒன்றெனக் கருதும் அன்பர் பலர். அஃது அன்று. நெய் நீரினும் இலேசானது. உருகிய நெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராமே நிற்கும். நல்லெண்ணெயும் 920 கிராம் அளவினதே. ஆகவே கிலோ நெய் நேர்ந்துகொண்டு லிட்டர் டின் கொணர்வார்க்கு 90 கிராம் குறையும். உக்கிராணத்தார் அதனைச் சொல்லார். நேர்ந்தவரே 1 லிட்டர் 100 மில்லிலிட்டராக அளந்து செலுத்துதல் வேண்டும்.