வழக்கறிஞர் தொழில்: இந்தியாவில் அண்மைக்கால மாறுதல்கள்

நியாயஸ்தலங்களின் முன் பிறர் பொருட்டுத் தோன்றி வழக்காடவும், சட்ட விஷயங்களில் ஆலோசனை கூறவும் உரிமை பெற்றோர் நடத்தும் தொழில் இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தால் ஆளப்படுகிறது. வக்கீல், பிளீடர், பாரிஸ்டர், அட்டர்னி என்று பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பலவாகக் கிளைத்திருந்த வகுப்புகள் அச்சட்டத்தாலும் பின்வந்த திருத்தத்தாலும் ஒன்றுபட்டு, மாநில பார் கவுன்சில்களும் அவற்றுக்கு மேலே இந்திய பார் கவுன்சிலும் தொழிலொழுக்கத்தின் காவலர்களாயின. 2023ஆம் ஆண்டு முதல் குற்றவியல், வருமான வரி, தொழிலாளர் நலம் ஆகிய துறைகளில் மூலச் சட்டங்களே மாற்றப்பட்டு, தொழிலின் சொந்த விதிகளும் உச்ச நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உள்ளாகியிருப்பதால், நடுவயது வழக்கறிஞர் ஒருவர் தாம் கற்றவற்றில் கணிசமானதை மீண்டும் கற்கவேண்டியவராக இருக்கிறார். ஆயினும், ஊன்றி நோக்குவோருக்கு, குற்றம், உரிமை, கடமை என்பவற்றின் சாரம் அவ்வளவாக மாறவில்லை என்பதும், வழிமுறையும் காலக்கெடுவும் சாட்சியத்தின் உருவமுமே பெரிதும் மாறியுள்ளன என்பதும் புலப்படும்.

மெக்காலே 1837இல் வரைந்த நகலிலிருந்து பிறந்து, 1862 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை 1 அன்று விடைபெற, அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் மூன்றும் அமர்ந்தன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358ஆகச் சுருங்கின. நடைமுறைச் சட்டமோ 484லிருந்து 531ஆக விரிந்தது. இராஜத்துரோகத்தைப் பற்றிய 124-ஏ பிரிவு பெயரளவில் மறைந்து, நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்தல் என்ற உருவில் 152ஆம் பிரிவாக வந்திருக்கிறது. சமூக சேவை ஒரு தண்டனையாக முதன்முறை இடம்பெற்றுள்ளது. கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதற்குத் தனி விதி உண்டு. வாகனத்தால் மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுவோருக்குரிய 106(2) பிரிவு மட்டும், லாரி ஓட்டுநர்களின் கிளர்ச்சிக்குப் பின், மற்றவை அமலான நாளில் நிறுத்திவைக்கப்பட்டது.

எண்களின் மாற்றம் அற்பமாகத் தோன்றினும் தொழிலில் அதன் விளைவு அற்பமன்று. கொலைக்கு 302 என்றிருந்தது 103 ஆயிற்று. ஏமாற்றுக்காரனுக்கு ஊரார் சூட்டிய பட்டமான 420, இப்போது 318க்குள் அடங்கிவிட்டது. இவை மனப்பாடத்துக்கு வந்துவிடும். ஆனால், ஒரு வழக்கை அடியோடு ரத்துச் செய்யுமாறு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை வேண்டும் மனுவுக்கு அரை நூற்றாண்டாக உரியதாயிருந்த 482 என்னும் எண், புதிய சட்டத்தில் முன்ஜாமீனுக்கு உரியதாகி, ரத்து மனு 528க்குச் சென்றுவிட்டது. தடையுத்தரவின் மறுபெயராகவே வழங்கிவந்த 144, இன்று மனைவி மக்களின் ஜீவனாம்சத்தைக் குறிக்கிறது. தடையுத்தரவு 163ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய குமாஸ்தாக்கள் மனுவின் தலைப்பைத் தட்டச்சு செய்வதில் தடுமாறியிருந்தால் அவர்களைக் குறைகூற இயலாது.

இவற்றினும் சிக்கலானது எந்த வழக்குக்கு எந்தச் சட்டம் என்பது. குற்றம் நிகழ்ந்த நாள் 2024 ஜூலைக்கு முந்தையதாயின் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும், ஏனெனில், செயல் நிகழ்ந்தபோது இல்லாத சட்டத்தால் ஒருவரைத் தண்டிக்க அரசியலமைப்பின் 20ஆம் ஷரத்து இடந்தராது. புலன் விசாரணையோ விசாரணையோ 2024 ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்தால் அது பழைய நடைமுறைப்படியே தொடரும். ஆனால், பழைய குற்றத்துக்குப் புதிதாக முதல் தகவல் அறிக்கை பதிவாகும்போது, குற்றப் பிரிவு பழையதாகவும் நடைமுறை புதியதாகவும் அமையும். ஆகவே இரு தொகுதிகளையும் மேசைமீது வைத்துக்கொள்ளாமல் குற்றவியல் வழக்கு நடத்துவது இன்னும் நெடுங்காலத்துக்குச் சாத்தியமில்லை.

புதிய நடைமுறையில் காலம் இறுக்கமாகிறது. விவாதம் முடிந்தபின் 30 நாட்களுக்குள், காரணம் எழுதினால் 45 நாட்களுக்குள், செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டும். கட்சிக்காரரின் கட்டுக்கு மீறிய காரணமாயினும் வாய்தா இரண்டுக்கு மேல் தரலாகாது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்பதும், சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்படவேண்டும் என்பதும் எதிரித் தரப்பு வழக்கறிஞருக்குக் கிட்டிய புதிய ஆயுதங்கள். முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராய், உச்சபட்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கைச் சிறையிலேயே கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விடச்சொல்லும் 479ஆம் பிரிவு, பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கூறியது. இந்த மாறுதல்களுள் ஏழை மனிதனை நேரே தொடுவது இதுவென்பது என் அபிப்பிராயம்.

சாட்சியத் துறையில் மின்னணு ஆவணமே மையப் பிரச்சினை. குறுஞ்செய்தி, கண்காணிப்புக் கேமராப் பதிவு, கைப்பேசி அழைப்பு விவரம் ஆகியவற்றின் பிரதியைத் தாக்கல் செய்யப் பழைய 65-பி பிரிவின் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. புதிய 63ஆம் பிரிவு அச்சான்றிதழை இரு பாகமாக்கி, முதற்பாகத்தைச் சாதனத்தின் பொறுப்பாளரும் இரண்டாம் பாகத்தை ஒரு நிபுணரும் நிரப்பவேண்டும் என்றும், கோப்பின் மின்னணு அடையாளமான ஹாஷ் மதிப்பைக் குறிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. நோக்கம் நல்லதே; ஆனால், தாலுகா நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்கு நடத்தும் ஒருவர், இரண்டு வாட்ஸ்அப் செய்திகளுக்காக நிபுணரை எங்கே தேடுவார் என்பதைச் சட்டம் இயற்றியோர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. குடும்ப வழக்குகளில் இதற்கு மேலும் ஒரு கேள்வி எழுந்தது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவரறியாமல் கணவர் பெற்றுத் தாக்கல் செய்ததை, அந்தரங்க உரிமையை மீறிய சாட்சியம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2024இல் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றமோ, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், தம்பதியர் இரகசியமாகப் பதிவுசெய்த உரையாடல் மணவழக்கில் ஏற்கத்தக்கதே என்று 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

சிவில் துறையில் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் பழைய நிதானத்தைக் குலைத்தது. 2018இல் வழக்கின் குறைந்தபட்ச மதிப்பு மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டதால் சிறு வியாபாரிகளின் தகராறும் அதனுள் வந்தது. சம்மன் கிடைத்த 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாத பிரதிவாதி அவ்வுரிமையை அறவே இழக்கிறார். அவசர நிவாரணம் கோராத வழக்கு, முன்னதாகச் சமரசத்துக்குச் செல்லாமல் வந்தால் பிராதே நிராகரிக்கப்படும் என்று 2022இல் முடிவாயிற்று. நடுவர் தீர்ப்பை ரத்துச் செய்யவல்ல நீதிமன்றம் அதைத் திருத்தவும் கூடுமா என்ற நெடுநாள் ஐயம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், வரையறுக்கப்பட்ட அளவில் கூடும் என்று 2025 ஏப்ரலில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் தீர்ந்தது.

வரித் துறையில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 536 பிரிவுகள் கொண்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் நாள் அமல் தேதியாக வகுக்கப்பட்டது. 29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. தீர்ப்பாயங்களைப் பற்றிய போராட்டம் இவற்றைவிட நீண்டது. நிர்வாகத்தின் பிடியிலிருந்து தீர்ப்பாய உறுப்பினர்களின் நியமனத்தை விடுவிக்க மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்குகள் 2010, 2014, 2020, 2021 என்று தொடர்ந்து, 2025 நவம்பரில் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கிய விதிகள் செல்லாவென்ற தீர்ப்பில் வந்து நின்றன. செல்லாதென்று அறிவிக்கப்பட்டவற்றையே பாராளுமன்றம் சிற்சில மாறுதலுடன் மீண்டும் இயற்றியதை நீதிமன்றம் கண்டித்தது.

தொழிலின் சொந்த நிலையைப் பற்றிய தீர்ப்புகளுள் தலையாயது, கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் கூறியதன் இரகசியத்தைக் காப்பது. அமலாக்கத் துறை மூத்த வழக்கறிஞர்கள் இருவருக்கு அழைப்பாணை அனுப்பியதையடுத்து உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு கூறும் விதிவிலக்குகளுக்குள் அடங்கினாலொழிய வழக்கறிஞரை அழைக்கலாகாது என்றும், அடங்கினாலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும் என்றும் 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. நிறுவனங்களில் சம்பளத்துக்கு அமர்ந்துள்ள சட்ட அதிகாரிகளுக்கு இப்பாதுகாப்பு முழுமையாகக் கிட்டவில்லை. 2024 மே மாதத்தில், வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று முடிவானது. ஜூலையில், பல்லாயிரம் ரூபாய் வசூலித்துவந்த மாநில கவுன்சில்கள் பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பெறக்கூடாது என்றாயிற்று. மூத்த வழக்கறிஞர் பட்டத்துக்கு மதிப்பெண் இடும் முறை 2017இல் தொடங்கி 2025 மே மாதத்தில் கைவிடப்பட்டது. இணையதளங்கள் வழியாக விளம்பரம் தேடுவோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் பார் கவுன்சிலுக்குக் கட்டளையிட்டது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புனைந்து தந்த, எங்கும் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்று வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது உலகெங்கும் பேசப்பட்டது; கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், அக்கருவிகளைக் கொண்டு தீர்ப்போ முடிவோ எட்டலாகாதென மாவட்ட நீதித் துறைக்குக் கொள்கை வகுத்தது. முன்மாதிரித் தீர்ப்புகளைத் தேடும் இந்த வேலை வழக்கமாக ஜூனியர்களின் பங்கு. அவர்களுடைய ஊதியத்தைப் பற்றி நெடுங்காலம் எவரும் பேசத் துணியாதிருந்த நிலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாக வழங்குமாறு தமிழ்நாடு பார் கவுன்சில் 2024 ஜூனில் சுற்றறிக்கை விடுத்தது. ஆண், பெண் என்ற பேதம் அதில் கூடாது என்பதும் அவ்வுத்தரவின் பகுதி.