மூணாறில் ரயில் ஓடியது தெரியுமா? 1924 வெள்ளம் விழுங்கிய குண்டளை ரயில் பாதையின் கதை

கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் 'எஸ்டேட்டு'ன்னு சொன்னால் பலருக்கும் மூணாறுதான் ஞாபகம் வரும். இன்று அங்கே போக பஸ், ஜீப், கார்தான். ஆனால் 100 வருஷத்துக்கு முன்னாடி மூணாறு மலையில் நீராவி ரயிலே ஓடியது. அது என்ன ஆச்சு?

ரயில் எதற்கு வந்தது?

1877-ல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பிறகு அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. விளைந்தால் மட்டும் போதுமா? கப்பல் ஏற வேண்டுமே! அன்றைக்கு மூணாறு தேயிலை வந்தது நம்ம தூத்துக்குடி துறைமுகத்துக்குத்தான்.

தேயிலை வந்த வழி இது:

* மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தண்டவாளம்.
* அங்கிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே.
* கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி.
* சமவெளிக்கு வந்த பிறகு தூத்துக்குடிக்கு ரயில். மதுரை - தூத்துக்குடி பாதை கோவில்பட்டி வழியாகத்தான் போகிறது.

மாடு இழுத்த ரயில்

1902-ல் முதலில் வந்தது மோனோரயில். ஒரே ஒரு தண்டவாளம். சின்னச் சக்கரங்கள் அதன் மேல் ஓடும். பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தது காளை மாடுகள். 1908-ல் அதை எடுத்துவிட்டு, 2 அடி அகல இருப்புப் பாதை போட்டு நீராவி என்ஜின் ஓட்டினார்கள்.

1924-ல் நடந்தது என்ன?

அந்த ஜூலையில் மழை விடாமல் கொட்டியது. கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். மலை சரிந்து, மூணாறு டவுன் சிதைந்தது. ரயில் பாதையும் அடித்துச் செல்லப்பட்டது.

ஏன் திரும்பக் கட்டவில்லை?

தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. மலைக்குள் சாலைகள் வந்தன. 1935-ல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும், கொச்சி பக்கம் போக நல்ல வழி கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை: மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதற்குள் மேலே மலை ரயில் போய் 4 வருஷம் ஆகியிருந்தது.

இப்போது என்ன மிச்சம்?

பழைய மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலை கம்பெனி அலுவலகமாக மாறிவிட்டது. டாப் ஸ்டேஷனில் இன்று ஸ்டேஷனும் இல்லை, ரயிலும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் அந்த ஊரின் பெயர் மட்டும்தான் சாட்சி.

ரயில் போனது, ஆட்கள்?

மானாவாரி பொய்த்தபோது கங்காணிகள் பின்னால் மலையேறிய தென்மாவட்டத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே லயன் வீடுகளில் தங்கிவிட்டன. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன. 66 உடல்கள் மீட்கப்பட்டன. 4 பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு.

1924-ல் மலை சரிந்தபோது தேயிலைக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மலைச்சரிவில் படுத்துறங்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பான வீடு எப்போது? கயத்தாறு கேட்பது அதைத்தான்.