பெயர் எழுதாத ஆலைகள்

கல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில் ஹூக்ளி ஆற்றை ஒட்டி நீளும் கார்டன் ரீச்சுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே கட்டிக்கொண்ட தோட்ட பங்களாக்களால் அந்தப் பெயர் வந்தது. ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் வந்து தங்கியதும் இந்தக் கரையில்தான். 1887இல் அவர் கண்மூடுவதற்கு முன்பே கரையின் முகம் மாறத் தொடங்கிவிட்டது. இன்று போர்க்கப்பல் கட்டும் பொதுத்துறை நிறுவனம், 1884இல் ஆற்றுப் படகுகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறையாக இங்கே தொடங்கியது. கிளைவ் சணல் ஆலையும் கேசோராம் பருத்தி ஆலையும் இங்கே எழுந்தன. வங்காள-நாகபுரி ரயில்வேயின் தலைமையகமும் இங்கேதான் வந்தது. இந்தியத் தொழிலாளரைப் பற்றியும் அவர்களை மேய்த்த நிர்வாகங்களைப் பற்றியும் எழுதும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கரை ஒரு புதிரை வைத்திருக்கிறது. இங்கிருந்து கப்பலேறிக் கடல் கடந்து போன கூலிகளைப் பற்றி நமக்கு ஏராளமாகத் தெரியும். இங்கேயே தங்கி ஆலையில் உழைத்தவர்களைப் பற்றித் தெரிந்தது சொற்பம். ஆவணங்கள் கரையானுக்கு இரையானதால் வந்த குறை என்று இதை ஒதுக்க முடியாது. யாரைப் பற்றி எழுதிவைப்பது, யாரைப் பற்றி எழுதாமல் விடுவது என்பதே ஒரு நிர்வாக முடிவு என்பது என் கட்சி.

முதலில் போனவர்களைப் பார்ப்போம். மொரீஷியஸுக்கு 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் பயணம் 1917இல் நிறுத்தப்படும்வரை, கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைக்கும் பல காலனிகளின் டெப்போக்கள் கார்டன் ரீச்சிலும் பக்கத்துக் கிதர்பூரிலும் இயங்கின. 1873இல் சூரிநாமுக்கு முதல் கூலிகளை ஏற்றிப்போன 'லல்லா ரூக்' கல்கத்தாவிலிருந்துதான் புறப்பட்டது. சூரிநாம் காட் என்ற படித்துறையின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பிஜிக்குப் போனவரின் எமிக்ரேஷன் பாஸ் ஒன்றைக் கையில் எடுத்தால், அது ஒற்றைத் தாள்தான். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், நெருங்கிய உறவு, மணமானவர் என்றால் யாருடன், உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம், உடம்பில் என்ன தழும்பு என்று வரிசையாகக் கட்டங்கள். கீழே டாக்டரும் எமிக்ரண்டுகளின் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியும் போட்ட கையெழுத்துகள். கல்கத்தா வழியே பிஜிக்குப் போனவர்களின் 45,439 பாஸ்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தவர், அதே கூலிகளின் வழித்தோன்றலான வரலாற்றாசிரியர் பிரிஜ் லால். 1983இல் வந்த அவருடைய நூல், எந்த ஜில்லாவிலிருந்து எந்தச் சாதியார் எத்தனை பேர், பெண்களில் தனியாகப் போனவர் எத்தனை பேர் என்றெல்லாம் எண்ணிக்கையோடு சொல்கிறது. பாஸில் எழுதியதெல்லாம் சத்தியம் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். வேலை கிடைக்கும் என்று சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் ஆளுக்கு ஒரு தாள் இருந்தது.

அதே கரையின் சணல் ஆலையில் ஆளுக்கு ஒரு தாள் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹூக்ளிக் கரை ஆலைகளில் வங்காளிகள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். பீகாரிகள், ஐக்கிய மாகாணத்தார், ஒரியர், பிறகு 'மதராசிகள்'. (இந்த மதராசிகளில் பெரும்பாலோர் கஞ்சம், விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர்கள், சென்னை ராஜதானியிலிருந்து வந்த எல்லாரும் வங்காளத்துக்கு மதராசிதான்.) இவர்களைச் சேர்த்துவிட்டதும், வேலை வாங்கியதும், பல சமயம் கடன் கொடுத்ததும், குடியிருக்க பஸ்தியில் இடம் காட்டியதும் சர்தார். சேர்த்துவிட்டதற்கும் வேலையில் நீடிக்கவிட்டதற்கும் அவருக்குத் தஸ்தூரி என்ற கமிஷன் தர வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மானேஜருக்குத் தறி ஓடினால் போதும். தறியில் நிற்பவர் யார் என்பது சர்தாரின் விவகாரம். கணக்கே இல்லை என்று சொல்லக் கூடாது, கூலிப் பேரேடு இருந்தது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பல ஷிப்டு முறை 1930 வாக்கில் ஒழியும்வரை, பேரேட்டில் உள்ள பெயரும் எந்திரத்தின் முன் நிற்கும் உடம்பும் ஒன்றுதானா என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டரால்கூட உறுதி சொல்ல முடியவில்லை. வங்காளச் சணல் தொழிலாளர் பற்றி 1989இல் தீபேஷ் சக்கரவர்த்தி எழுதிய நூல் இந்த வெறுமையிலிருந்துதான் புறப்படுகிறது. தொழிற்சாலை ஒழுங்கு தன்னைப் பற்றிய ஆவணங்களைத் தானே உண்டாக்கும் என்ற மார்க்ஸின் எதிர்பார்ப்பு கல்கத்தாவில் ஏன் பொய்த்தது என்பது அவர் கேள்வி.

பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு? ஆள் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் விடை கிடைக்கிறது. டெப்போவில் ஆளைப் பிடிக்க, சோறு போட, வைத்தியம் பார்க்க, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுபோக என்று காலனி முன்பணம் போட்டிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் அந்தப் பணத்துக்கு ஈடு. ஓடிப்போனால் தேடிப் பிடிக்கத் தழும்பு தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்குச் சட்டமும் பதிவை வற்புறுத்தியது. சணல் ஆலை ஆள் பிடிக்கக் காலணா போடவில்லை. ரயிலேறி ஆட்கள் தாங்களே வந்தார்கள். உலகச் சந்தையில் விலை இறங்கியபோதெல்லாம் ஆலை முதலாளிகளின் சங்கம் கூடி வேலை நேரத்தைக் குறைத்தது, தறிகளை நிறுத்தியது. அப்போது பெயர் தெரியாத ஆளை விலக்குவது சுலபம். நமக்குப் பழக்கமான கங்காணியை இங்கே வைத்துப் பார்க்கலாம். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆட்கள் மாற வேண்டுமானால் அவர்கள் பேரில் நின்ற கடன் தொகையைத் துரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். புதிய துரை அதைக் கட்டினால் ஆட்கள் மாறலாம். அங்கேயும் பணம் எங்கே மாட்டியிருந்ததோ அங்கே எழுத்து இருந்தது. சீட்டில் பளிச்சென்று நின்றது ரூபாய்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொருளாதார வரலாற்றாசிரியர் தீர்த்தங்கர் ராய் 2008இல் சர்தார், அவரைப் போன்ற இடைத்தரகர்களான ஜாபர், கங்காணி மூவரையும் சேர்த்து ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மொழி தெரியாத, ஊர் தெரியாத அந்நிய முதலாளிக்கு ஆட்களைத் தேடவும் மேய்க்கவும் இடைத்தரகர் இன்றியமையாதவராக இருந்தார் என்ற பார்வைக்கு அங்கே நல்ல ஆதாரம் கிடைக்கும். சக்கரவர்த்தியோ, சர்தாரின் அதிகாரம் ஊர், சாதி, மதப் பிணைப்புகளில் ஊன்றியிருந்தது; அதை வெறும் லாபக் கணக்காகச் சுருக்கக் கூடாது என்பார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. காய்ச்சலில் விழுந்த ஆளுக்கு ஆலை கொடுக்காததை ஊர்க்காரச் சர்தார் கொடுத்திருப்பார். ஆனால் அறியாமை ஓர் இயற்கை நிலை என்ற அனுமானத்தை டெப்போ உடைத்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் அதே அந்நியர்கள்தான், வந்து நின்றவர்களும் பெரும்பாலும் அதே போஜ்புரிக் கிராமத்தார்தான். டெப்போவுக்கும் ஆர்க்காட்டி என்ற தரகர்தான் ஆள் பிடித்தார். இருந்தும் தரகருக்குப் பின்னால் நின்ற ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் தாளில் ஏறின. முடியாததால் ஆலை எழுதாமல் விட்டது என்ற வாதம் இந்தக் கரையில் நிற்காது.

எழுதாமல் விட்டதன் விலை 1929இல் தெரிந்தது. ஆலைகள் வேலை நேரத்தை வாரம் அறுபது மணியாக உயர்த்தியதும் சணல் தொழிலாளர்கள் பரவலாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு அமைந்த விட்லி தலைமையிலான தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், ஆள் எடுக்கவும் நீக்கவும் ஜாபருக்கு இருந்த அதிகாரத்தைப் பிடுங்கி, லேபர் ஆபீசர்களை நியமிக்கும்படி 1931 அறிக்கையில் சொன்னது. அமெரிக்காவில் ஹாத்தார்ன் ஆலையில் தொழிலாளியிடம் உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். அங்கே ஆய்வாளர்கள் மனதைக் கேட்டார்கள். இங்கே பெயரைக் கேட்கவே கமிஷன் சொல்ல வேண்டியிருந்தது. 1937 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சணல் முதலாளிகள் உண்மையிலேயே அசைந்தார்கள். ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்கு வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1953இல் கல்கத்தாவில் பிறந்த, நாட்டின் முதல் மேலாண்மைக் கல்விக்கூடம் என்று சொல்லப்படும் நிறுவனத்தின் பெயரில் 'சமூக நலம்' முன்னும் 'வணிக மேலாண்மை' பின்னும் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதோடு சர்தார் ஒழிந்தாரா என்றால், வேறு பெயரில் சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த மத்திய விதிகள் இரண்டு பதிவேடுகளைக் கேட்டன. காண்ட்ராக்டர்களின் பெயர்களை எழுதும் பதிவேடு முதன்மை முதலாளியிடம், அதாவது ஆலையிடம் இருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்களின் பெயர்களை எழுதும் பதிவேடு காண்ட்ராக்டரிடம் இருக்க வேண்டியிருந்தது.