சிங்கோனாப் பட்டையும் குருதிக் கணக்கும்

நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குச் செல்வோர் ரோசா மலர்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். 1861ஆம் ஆண்டில் அத்தோட்டம் அமைந்தது மலருக்காக அன்று. மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்துக்காகவே.

1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தபோது, தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவை நம்பினர். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை கப்பலேறியது. அதை உரித்த கைகளைப் பற்றித் துரைமாரின் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. பட்டை மலிந்தது, விலை வீழ்ந்தது, தேயிலை மலையைப் பிடித்துக்கொண்டது. சிங்கோனாவின் ஆட்சி ஜாவாவுக்குச் சென்றது.

பட்டையின் வீரியம் மரத்துக்கு மரம் வேறுபடும். 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கொயினாவைப் பிரித்தெடுத்த பின்னரே அதை நிறுத்துக் கொடுத்தல் இயன்றது. ஆயினும், எத்தனை மணிக்கொருமுறை கொடுப்பது?

தோட்டத்துப் பீலியின் நீர் ஒரு தொட்டியில் விழுகின்றது. தொட்டியின் அடியில் ஒரு துளை உண்டு எனக் கொள்வோம். நீர் உயர உயர, துளைவழிப் பாய்ச்சலும் விரைவுறும். வரவும் செலவும் ஒத்தவுடன் மட்டம் நிலைத்துவிடும். ஈரலும் சிறுநீரகமுமே நம் உடலின் துளைகள். 12 மணிநேரத்தில் பாதி கழியும் மருந்தை, 12 மணிக்கொருமுறை ஒரு பங்கு வீதம் உட்கொண்டால், ஒவ்வொரு வேளையின் பின்பும் உடலில் இருப்பது 1, 1½, 1¾ என ஏறும். ஐந்தாம் வேளையில் ஏறத்தாழ இரண்டு பங்கு, அதைத் தாண்டுவதில்லை. நலமுள்ளோர் உடலில் கொயினா கழியும் வேகமும் ஏறக்குறைய இத்தகையதே. காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தினால், ஏறிய மட்டம் 12 மணிநேரத்திலேயே பாதியாகிவிடும். கிருமியோ முற்றும் அழிந்திராது.

1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானது. கொயினா கிட்டாத நேச நாடுகள் மெபாக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரையை நாடின. அது கொயினாவுக்கு ஈடாகாது எனப் பலர் கருதினர். காரணம் வேறு: அம்மருந்து உடலை விட்டு நீங்கப் பல நாட்கள் ஆகும், ஆதலால் நாள்தோறும் சிறிதளவே கொடுத்தால், குருதியில் வேண்டிய மட்டம் ஏறுவதற்கு வாரக்கணக்காகும். காய்ச்சலில் நடுங்குபவன் அதுவரை பொறுப்பானா? நியூயோர்க்கில் ஜேம்ஸ் ஷானன் குழுவினர் குருதியிலுள்ள மருந்தை அளந்து, முதல் நாளில் பேரளவும் பின்னர்ச் சிற்றளவுமாக அதனைக் கொடுக்கும் முறையை வகுத்தனர். குடத்தால் தொட்டியை நிரப்பிவிட்டுப் பிறகு பீலியைத் திறப்பது போன்றது இது.

கொயினாவுக்கும் பின்னாளில் அம்முறை வந்தது. கடும் மலேரியாவில் முதல் வேளை இரட்டை அளவு. அதன்பின் எட்டு மணிக்கொருமுறை ஒற்றை அளவு.